சதுக்கமும் கூடமும்

(கச்சிராயபாளையத்தில் நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரைக் கண்டு வந்தவன் என்பதற்காக இம்மேடையில் எனக்கு இடம் தந்திருக்கிறீர்கள். கண்டதைச் சொல்லுங்கள் என்பதே எனக்கு இடப்பட்ட கட்டளை. ஏ.கே. செட்டியார் காலந்தொட்டுப் பயண நூல்கள் நம் மொழியில் ஏராளம். ஆகவே விமானம் ஏறிய கதையையும், உணவு ஒவ்வாத கதையையும், குளிரில் நடுங்கிய கதையையும் விட்டுவிடுகிறேன். நான்கு நாள் அந்நகரின் சதுக்கங்களிலும் கலைக்கூடங்களிலும் நடந்தபோது ஒரு கேள்வி என்னை விடாமல் தொடர்ந்து வந்தது. ஒரு கலைப்படைப்பு எங்கே நிற்க வேண்டும்? மக்கள் நடமாடும் திறந்த வெளியிலா, காவலும் பூட்டும் உள்ள கூடத்திலா? பிளாரன்சு மக்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவை கூட்டி வாதாடிய கேள்வி இது. இன்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஊர் ஒன்றின் வாசலிலும் இதே கேள்வி வந்து நிற்கிறது. அதனால்தான் பேசத் துணிந்தேன்.

சதுக்கம் என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இத்தாலியர் 'பியாசா' என்பதை நாம் 'சதுக்கம்' என்கிறோம். புதிதாகச் செய்துகொண்ட சொல் அன்று அது. இளங்கோவடிகள் புகார் நகரத்து ஐவகை மன்றங்களைச் சொல்லும் இடத்தை இங்குள்ள புலவர்கள் நன்கு அறிவார்கள். வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், பூதச் சதுக்கம், பாவை மன்றம் என்பன அவை. நான்கு தெருக்கள் கூடும் இடத்தில் ஒரு பூதம். பொய்த்தவம் புரிவோரையும் பொய்ச்சான்று சொல்வோரையும் அது பிடித்துக்கொள்ளும். பாவை மன்றத்தில் ஒரு பாவை. அரசன் முறை தவறினால் அது நாவால் ஒன்றும் சொல்லாது, கண்ணீர் மட்டும் உகுக்கும். பொதுவெளியில் நிற்கும் சிலைக்கு ஊரைக் கண்காணிக்கும் பொறுப்பு உண்டு என்ற எண்ணம் நமக்கு அத்துணைப் பழையது. இந்தப் பாவையை நினைவில் வைத்துக்கொண்டே நான் பிளாரன்சின் சிஞ்ஞோரியா சதுக்கத்தில் கால் வைத்தேன்.

அச்சதுக்கத்தின் ஒருபுறம் 1299இல் கட்டத் தொடங்கிய நகராட்சி மாளிகை. கோட்டை போன்ற சுவர், அதன் தலையில் நெடிய கோபுரம். மாளிகையை ஒட்டி மூன்று பெரிய வளைவுகள் கொண்ட திறந்த மண்டபம். நம் கோயில்களின் வசந்த மண்டபம்போல் தூண்களும் கூரையும் உண்டு. முன்புறம் சுவர் இல்லை. மாளிகை வாசலிலும் மண்டபத்திலும் வெண்கல உருவங்களும் சலவைக்கல் உருவங்களும் மழைக்கும் வெயிலுக்கும் அருகே நிற்கின்றன. சிற்பங்களைக் காண நுழைவுச்சீட்டு வேண்டாம். காய்கறிப் பையுடன் போகிற மூதாட்டி அவற்றை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. நம் ஊரில் தேர்முட்டியைக் கடந்து போகிறவர் தேரைப் பார்ப்பதில்லை அல்லவா, அதுபோலத்தான். கலை ஒரு மக்களின் வாழ்வில் கலந்துவிட்டதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தச் சிலைகள் அழகுக்காக மட்டும் அங்கே வைக்கப்படவில்லை. மெடிச்சி என்னும் செல்வக் குடும்பம் ஊரை ஆண்டது. 1494இல் மக்கள் அவர்களை வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டே மெடிச்சி மாளிகைத் தோட்டத்தில் இருந்த ஒரு வெண்கலச் சிலையை எடுத்துவந்து நகராட்சி வாசலில் நிறுத்தினார்கள். கொடுங்கோலன் ஒருவனின் தலையை வெட்டும் யூதித்து என்ற பெண்ணின் சிலை அது, தொனத்தெல்லோ செய்தது. எதற்காக நிறுத்தினார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. பாவை மன்றத்துப் பாவை கண்ணீர் விட்டது. இப்பாவை வாளை ஓங்கியது. அதே சதுக்கத்தில்தான் 1497இல் சவனரோலா என்ற துறவியின் ஆணைப்படி ஓவியங்களும் நூல்களும் அணிகலன்களும் குவித்து எரிக்கப்பட்டன. மறு ஆண்டு அதே சதுக்கத்தில் அத்துறவியைத் தூக்கிலிட்டு எரித்தார்கள். அந்த இடத்தைக் காட்டும் வட்டக்கல் ஒன்று தரையில் பதித்திருக்கிறது. படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம் அதன்மேல் நின்றுகொண்டிருந்தது.

இனித் தாவீதுக்கு வருகிறேன். 1501இல் மைக்கலேஞ்சலோ என்ற இருபத்தாறு வயது இளைஞரிடம், முன்பு வேறு சிற்பிகள் தொட்டுக் கைவிட்ட ஒரு நெடிய சலவைக்கல்லைக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் பதினேழு அடி உயரத் தாவீது எழுந்து நின்றான். தலைமைக் கோயிலின் உச்சிப் பகுதியில் வைப்பதற்காகச் செய்யச் சொன்ன சிலை அது. செய்து முடித்ததும், அவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் ஒளித்துவைப்பதற்கு யாருக்கும் மனம் வரவில்லை. 1504 சனவரியில் எங்கே வைப்பது என்று முடிவு செய்ய ஓர் அவை கூடியது. லியனார்தோ தாவின்சியும் போத்திச்செல்லியும் அதில் உறுப்பினர்கள். கல் மென்மையானது, மழை தாங்காது, ஆகவே திறந்த மண்டபத்தின் கூரைக்கடியில் வையுங்கள் என்று சிலர் சொன்னார்கள், லியனார்தோவும் அக்கருத்தினர். வெளியே வையுங்கள் என்று வேறு சிலர் சொன்னார்கள். ஓவியரும் சிற்பியரும் பொற்கொல்லரும் கட்டடக் கலைஞரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரு சிலை நிற்க வேண்டிய இடத்தைப் பற்றி வாதாடிய அந்த நாளை எண்ணி எண்ணி நான் வியக்கிறேன். நம் ஊர்களில் சிலை வைப்பதற்கு எவ்வளவோ கூட்டங்கள் நடக்கின்றன. எந்தக் கூட்டத்துக்காவது சிற்பியை அழைத்திருக்கிறோமா?

இறுதியில் மாளிகை வாசலே முடிவாயிற்று. பட்டறையிலிருந்து சதுக்கம் அரைக் கிலோமீட்டர் தூரம் இருக்கும். சிலையை வெளியே எடுக்க வாயிலின் மேற்சுவரை இடித்தார்கள். மரச்சட்டத்துக்குள் நின்றவாறே கயிற்றில் தொங்கவிட்டு, கொழுப்புத் தடவிய உருளைக் கட்டைகளின்மேல் நாற்பது ஆட்களுக்கு மேல் தள்ளிக்கொண்டு போனார்கள். நான்கு நாட்கள் ஆயின. இரவில் யாரோ கல்லெறிந்தார்கள் என்று அக்காலத்து நாட்குறிப்பு சொல்கிறது. காவல் போட வேண்டியதாயிற்று. இதை அங்கே கேட்டபோது எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை, தேர் நிலைக்கு வராமல் தெருவில் நின்ற நாட்கள்தாம் நினைவுக்கு வந்தன. கட்டையும் கயிறும் கூச்சலும் கல்லெறியும்! பிளாரன்சும் ஒருமுறை தேர் இழுத்திருக்கிறது.

அந்தத் தாவீது சதுக்கத்தில் 369 ஆண்டுகள் நின்றான். 1527இல் ஒரு கலகத்தின்போது மாளிகைச் சாளரத்திலிருந்து எறிந்த பலகை பட்டு அவனுடைய இடக்கை உடைந்தது, பின்னர் ஒட்டினார்கள். மழை அரித்தது. 1873இல் அக்காதெமியா என்னும் கலைக்கூடத்துக்கு அவனை எடுத்துச் சென்று, அவனுக்கென்றே கட்டிய மாடத்தின் கீழ் நிறுத்தினார்கள். 1910இல் பழைய இடத்தில் ஒரு படியை வைத்தார்கள். இன்று சதுக்கத்தில் நிற்பது படி. கூடத்தில் நிற்பது மூலம். நான் இரண்டையும் ஒரே நாளில் பார்த்தேன். கூடத்துத் தாவீதின் கைந்நரம்பும் கழுத்துத் திருப்பமும் கண்ணை விட்டு அகலவில்லை. வரிசையில் நெடுநேரம் நின்றதும் வீணாகவில்லை. ஆனால் அவன் பார்வை போகும் திசையில் இப்போது எதிரி இல்லை, சுவர்தான் இருக்கிறது. சதுக்கத்துப் படியின் முகத்தில் அந்த உயிர்ப்பு இல்லை. ஆயினும் அதன் தலைமேல் புறா உட்காருகிறது, அடியில் குழந்தைகள் ஓடுகின்றன. மூலத்துக்கு இடம் போயிற்று, படிக்கு உயிர் போயிற்று. இரண்டில் எது பெரிய இழப்பு என்று அன்றிரவு முழுதும் எண்ணிப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை.

திறந்த மண்டபத்தில் செல்லினி வார்த்த பெர்சியசு நிற்கிறான். 1554இல் மக்கள் காணத் திறக்கப்பட்ட வெண்கலச் சிலை. வார்க்கும்போது உலோகம் இறுகத் தொடங்கவே, வீட்டிலிருந்த ஈயத் தட்டுகளையெல்லாம் உலையில் எறிந்து காப்பாற்றினேன் என்று செல்லினியே தம் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். தற்பெருமை மிக்க மனிதர். பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நம்ப வேண்டும். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பதுதான் அவர் முறையின் அடிப்படை. நம் சுவாமிமலைத் தபதிகள் இன்றும் செய்வது அதைத்தான். செல்லினிக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சோழநாட்டில் அம்முறை உச்சியைத் தொட்டுவிட்டது.

வார்ப்பு முறை ஒன்றாயினும் வார்த்த பொருளின் வாழ்க்கை ஒன்றன்று. பெர்சியசு வைத்த இடத்தில் நிற்கிறான். மக்கள் அவனிடம் போகிறார்கள். நம் செப்புத்திருமேனியின் பீடத்தைப் பாருங்கள், துளைகளும் வளையங்களும் இருக்கும். தண்டு கோத்துக் கட்டித் தூக்குவதற்கு அவை. நம் உற்சவர் நடப்பதற்கென்றே பிறந்தவர். மூலவர் கல்லாகக் கருவறையில் இருக்க, அவர் சார்பில் இவர் தெருவுக்கு வருகிறார். நோயாளியும் முதியவரும் வீட்டு வாசலில் இருந்தபடியே காண்கிறார்கள். கள்ளக்குறிச்சிப் பகுதி மரச்சிற்பிகளின் கைத்திறனுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அறிவீர்கள். அவர்கள் பரம்பரையாகச் செதுக்கி வந்த தேர்ச்சிற்பங்களும் வாகனங்களும் என்ன? சக்கரம் வைத்த கலைக்கூடங்கள் அல்லவா? பிளாரன்சில் சதுக்கம் என்பது ஓர் இடம். நம்மிடத்தில் அது ஒரு நாழிகை. திருவிழா நாளில் திருமேனி வந்து நிற்கும் அந்த நேரத்தில் எந்தத் தெரு முனையும் சதுக்கமாகிவிடுகிறது. அது நகர்ந்ததும் மறுபடி தெருமுனை.

கூடங்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். உஃபிசி என்ற சொல்லுக்கு அலுவலகங்கள் என்று பொருள். 1560இல் கோசிமோ என்ற மெடிச்சி மன்னன் தன் அரசு அலுவலர்களை ஓரிடத்தில் உட்காரவைக்க வசாரி என்பவரைக் கொண்டு கட்டத் தொடங்கியது. அவன் மகன் 1581 அளவில் மேல்தளத்தில் ஓவியங்களையும் பழஞ்சிலைகளையும் வைத்தான். கோப்புகள் போய்விட்டன, ஓவியங்கள் நிலைத்தன. உலகத்தில் எத்தனை அலுவலகத்துக்கு அந்தப் பேறு வாய்க்கும்! போத்திச்செல்லியின் வீனசு கடலிலிருந்து சிப்பியில் எழுந்து வருகிற ஓவியத்தின் முன் எப்போதும் கூட்டம். எனக்கு முன்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் ஓவியத்துக்கு முதுகு காட்டித் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டார்கள். நான் இடுக்கில் நின்று பார்த்தேன். அவளுடைய முகத்தில் வெற்றி இல்லை, மகிழ்ச்சிகூட இல்லை. வந்திருக்கிறேன், இனி என்ன, என்று கேட்பது போன்ற ஒரு சோர்வு. நிழற்படங்களில் அது எனக்குத் தெரிந்ததே இல்லை.

ஆனால் அந்தக் கூடத்தில் நான் கைகூப்ப விரும்பியது அன்னா மரியா லூயிசா என்ற அம்மையாருக்கு. மெடிச்சி மரபின் கடைசி வாரிசு அவர். ஆண்வழி அற்றுப்போய் நாடு வேற்று அரச குடும்பத்தின் கைக்கு மாறிய 1737இல், அவர் புதிய ஆட்சியாளருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். தம் குடும்பம் திரட்டிய ஓவியம், சிற்பம், நூல், மணி அனைத்தையும் அவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: இவற்றில் எதையும் தலைநகரை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. நாட்டின் அணியாகவும் மக்களின் பயனுக்காகவும் அயல்நாட்டாரின் ஆர்வத்தை ஈர்க்கவும் அவை அங்கேயே இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நானும் உஃபிசியில் நின்று வீனசைப் பார்க்க முடிந்ததற்கு அந்த ஓர் ஏடு காரணம். 1769இல் கூடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

ஏடு இருந்தும் களவு போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1799இல் பிரெஞ்சுப் படை பித்தி அரண்மனையிலிருந்து அறுபத்துமூன்று ஓவியங்களைப் பாரிசுக்குக் கொண்டு சென்றது. 1802இல் புகழ்பெற்ற மெடிச்சி வீனசுச் சிலையும் போயிற்று. அந்த வெற்றிடத்துக்குக் கனோவா என்ற சிற்பியிடம் ஒரு படி செய்து கேட்டார்கள். அவர் படி செய்யவில்லை. தம் மனத்திலிருந்து புதிய வீனசு ஒன்றைச் செதுக்கினார். 1812இல் அது வந்து சேர்ந்தது. நெப்போலியன் வீழ்ந்த 1815இல் பழையவளும் திரும்பினாள். இப்போது இருவரும் அந்நகரில் இருக்கிறார்கள். பழையவள் உஃபிசியில், புதியவள் பித்தி அரண்மனையில்.

இந்த அம்மையாரின் நிபந்தனைக்கு ஒப்பானது நம்மிடம் உண்டா? தஞ்சாவூரில் உண்டு. கரந்தையில் கேட்பாரற்றுக் கிடந்த பிரமன் சிலை ஒன்றை வெளியூருக்கு எடுத்துச் செல்ல ஒருவர் அனுமதி பெற்று வந்தபோது தஞ்சை மக்கள் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் மக்கள் பக்கம் நின்றார். அதன் விளைவாக 1951இல் நாயக்கர் அரண்மனையில் தஞ்சைக் கலைக்கூடம் தோன்றியது. மெடிச்சிச் செல்வமோ அரச உடன்படிக்கையோ இல்லாமல், இது எங்கள் ஊர்ச் சிலை, இங்கேதான் இருக்கும் என்று சொன்ன வாய்களிலிருந்து பிறந்த கூடம் அது. பிளாரன்சுக்குப் போக வழியில்லாத நண்பர்கள் தஞ்சைக்காவது போய் வாருங்கள். இதைக் குறைத்துச் சொல்வதாக எண்ணாதீர்கள். அங்கே தர்பார் மண்டபத்தில் கைகூப்பி நிற்கும் இரண்டாம் சரபோசியின் சலவைக்கல் சிலை, இத்தாலியில் ஏழாண்டு தங்கிக் கற்ற பிளாக்சுமன் என்ற ஆங்கிலச் சிற்பியின் கைவேலை.

அக்கூடத்தின் மணி என்று நான் கருதுவது திருவெண்காட்டு இடபவாகனர். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தவர் என்பது கல்வெட்டால் தெரிகிறது. மண்ணுக்குள் புதைந்திருந்து பின்னாளில் வெளிவந்தவர். சடையைத் தலைப்பாகைபோல் சுற்றி, ஒரு காலை மாற்றி ஊன்றி, வலக்கையை ஓய்வாக ஏறின் முதுகின்மேல் வைத்திருக்கிறார். ஏறு இல்லை! அது கிடைக்கவேயில்லை. வெற்றுவெளியின்மேல் கை இருக்கிறது. ஆனால் அந்த விரல்களின் தளர்வைப் பார்க்கும்போது ஏறும் அதன் திமிலின் சூடும் நமக்குத் தெரிகின்றன. தாவீதின் கையையும் இந்தக் கையையும் நான் மனத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாவீதின் கை கல்லெறியப் போகிறது, முறுக்கேறியது. இந்தக் கைக்கு எந்த வேலையும் இல்லை. ஓய்வை வெண்கலத்தில் வார்ப்பது அதனினும் அரிது என்பது என் துணிபு. என் ஊர்ப்பற்று என்று நீங்கள் தள்ளினாலும் சரி.

பாவலர்கள் கூடியிருக்கும் இந்த அவையில் சாந்தா குரோச்சே சதுக்கத்தைச் சொல்லாமல் அமர முடியாது. அங்குள்ள கோயிலில் மைக்கலேஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி ஆகியோரின் கல்லறைகள் இருக்கின்றன. கோயிலுக்கு வெளியே 1865இல் எழுப்பிய தாந்தேயின் பெரிய சிலை. உள்ளே தாந்தேக்கு ஓர் அழகிய நினைவுக் கல்லறையும் உண்டு. ஆனால் அதற்குள் தாந்தே இல்லை. 1302இல் பிளாரன்சு அவரை நாடு கடத்தியது. திரும்பினால் எரித்துக் கொல்வோம் என்றது. கற்றோர் மொழியான இலத்தீனை விட்டு மக்கள் மொழியில் தம் பெருங்காப்பியத்தை அவர் எழுதியது அந்த அலைச்சலின்போதுதான். 1321இல் இரவென்னா என்ற ஊரில் இறந்தார். பின்னர் பிளாரன்சு மனம் மாறியது. 1519இல் எலும்புகளையாவது தாருங்கள் என்று போப்பாண்டவரிடம் விண்ணப்பித்தார்கள். மைக்கலேஞ்சலோவும் அதில் கையொப்பமிட்டு, கல்லறையை நானே செய்கிறேன் என்றார். இரவென்னாத் துறவிகள் எலும்புகளை ஒளித்துவைத்துவிட்டார்கள். அவை 1865இல்தான் மறுபடி கண்ணில் பட்டன, இரவென்னாவிலேயே. இன்றும் அந்தக் கல்லறை விளக்குக்கு ஆண்டுதோறும் பிளாரன்சு எண்ணெய் அனுப்புகிறது. 2008இல் நகராட்சி அவருடைய தண்டனையை நீக்கித் தீர்மானம் போட்டது. எழுநூறு ஆண்டு தாமதம்.

நம் மாவட்டத்திலும் அயலூரில் உயிர் நீத்த ஒரு பெரும்புலவரின் நினைவிடம் இருக்கிறது. பாரி மாய்ந்தபின் பறம்பை விட்டு வந்த கபிலர் திருக்கோவலூரில் தென்பெண்ணையின் நடுவே உயிர் துறந்தார் என்பது வழக்கு. ஆற்றுக்குள் இருக்கும் கபிலர் குன்றைக் கண்டிருப்பீர்கள். வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள இராசராசன் காலத்துக் கல்வெட்டு, கபிலர் பாரிமகளை மலையனுக்கு மணம் செய்வித்துத் தீப்புகுந்ததைச் சொல்கிறது. சங்கப் புலவர் ஒருவரின் நினைவை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் எழுதிவைத்த மண் இது. தாந்தே இரவென்னாவுக்குச் சொந்தமானதுபோல் கபிலர் நமக்குச் சொந்தமானார்.

இன்னொரு பாவலர் நம் மண்ணிலேயே பிறந்தவர். திருநாவலூர் இப்போது நம் மாவட்டம். தம்பிரான் தோழர் சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் அது. அவரும் பரவை நாச்சியாரும் சேர்ந்து நிற்கும் செப்புத்திருமேனி கள்ளக்குறிச்சி வட்டத்து வீரசோழபுரம் சிவன் கோயிலில் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டினது என்பர். 1956இல் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அக்கோயிலுக்கு வந்து அதைப் படம் எடுத்தார்கள். பிறகு அது காணாமற் போயிற்று. அதே கோயிலின் நடராசர், திரிபுராந்தகர், வீணாதர தட்சிணாமூர்த்தி ஆகிய திருமேனிகளும் போயின. அவை அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருப்பதாக 2022இல் நம் மாநிலச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு கண்டறிந்து சொன்னது. 2026 சனவரியில் வாசிங்டனில் உள்ள சுமித்சோனியன் நிறுவனத்தின் ஆசியக் கலை அருங்காட்சியகம் மூன்று செப்புத்திருமேனிகளை இந்தியாவுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது. மூன்றில் ஒன்று வீரசோழபுரத்துச் சுந்தரரும் பரவையாரும். சான்றாக நின்றது பழைய நிழற்படம்.

சுந்தரர் வரலாற்றை அறிந்தவர்கள் இங்கே சற்றுப் புன்னகை செய்வீர்கள். திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் வந்து, இவன் எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது என்றார். இளைஞர் அதைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போயிற்று. நீ கிழித்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் உண்டு என்று முதியவர் அதை அவையோர் முன் எடுத்துக் காட்டினார். சேக்கிழார் பெருமான் அவ்வழக்கை ஒரு நீதிமன்ற நடவடிக்கைபோலவே நடத்திக் காட்டுகிறார். இன்று அதே சுந்தரருக்கு மறுபடி ஒரு வழக்கு. யார் உரிமை என்று கேள்வி. மறுபடி ஒரு படிதான் பேச்சுக்கு வந்தது. இம்முறை படியே மூலத்தை மீட்டது.

இனி அவர் வந்தால் எங்கே நிற்பார்? 1504இல் லியனார்தோவும் போத்திச்செல்லியும் அமர்ந்து பேசிய கேள்வி இதுதான். வீரசோழபுரத்துக் கோயிலில் வைத்தால் மறுபடி களவு போகாதா என்பார்கள். அந்த அச்சம் பொய் அன்று. பத்தூர் நடராசருக்காக இலண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி வென்று 1991இல் மீட்டு வந்தோம். இறைவனையே வழக்காளியாக ஏற்ற புகழ்பெற்ற வழக்கு அது. மீண்டு வந்தவர் தம் ஊருக்குப் போகாமல் திருவாரூர்ப் பாதுகாப்பு மையத்தின் பூட்டுக்குள் நெடுங்காலம் இருந்தார். அங்கே கலைக்கூடத்தின் ஒளியும் இல்லை, தெருவின் தூசியும் இல்லை. வாசிங்டனிலாவது நாலு பேர் நின்று பார்த்தார்கள். இதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி இல்லை. தெய்வத்தைக் காட்சிப்பொருள் ஆக்கிய அயல்நாட்டாரை நாம் குறை சொல்கிறோம். இரும்புக் கதவுக்குப் பின்னால் எண் போட்டு வைப்பதை எந்தப் பெயரால் அழைப்பது?

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மறுப்பவர்கள் எழுந்து மறுக்கலாம், அவை அதற்குத்தான். பிளாரன்சின் வழி நமக்கு முழுதும் பொருந்தாது. மூலத்தைக் கூடத்தில் வைத்துப் படியைத் தெருவில் நிறுத்துவது அவர்களுக்குச் சரி. நமக்குத் திருமேனி தெருவுக்கு வராவிட்டால் அதன் பிறவியே முடியவில்லை. அதற்காகக் கதவில்லாத கோயிலில் வைத்துவிட்டு வருந்தவும் கூடாது. மாவட்டத் தலைநகரில், தஞ்சையைப் போல ஒரு கலைக்கூடம் வேண்டும். 2019 நவம்பரில் பிறந்த இளைய மாவட்டம் நம்முடையது. அக்கூடத்தில் சுந்தரர் ஆண்டெல்லாம் காவலோடு இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கட்டும். திருவிழா நாளில் காவலோடு வீரசோழபுரம் போய் வீதி சுற்றித் திரும்பட்டும். பாதுகாப்பு மையங்களிலிருந்து விழா நாட்களில் திருமேனிகளை ஊருக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் சோழநாட்டு ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது. மற்ற நாட்களில் கோயிலில் நிற்பதற்குச் சுவாமிமலைத் தபதி ஒருவர் புதிய சுந்தரரை வார்க்கட்டும். அச்சு எடுத்த படி வேண்டாம். கனோவாவைப் போல் அவர் மனத்திலிருந்து வரும் சுந்தரராக இருக்கட்டும்.

கூடம் கட்டுவது அரசின் வேலை, வார்ப்பது தபதியின் வேலை. நம் வட்டத்தால் முடிந்தது சிறிது. 1956இல் எடுத்த அந்தப் படத்தின் நகல் ஒன்றைப் புதுச்சேரி நிறுவனத்தாரிடம் முறைப்படி கேட்டுப் பெறலாம். அதைச் சட்டமிட்டு வீரசோழபுரத்துப் பெரியவர்களிடம் கொடுக்கலாம். திருமேனியை நேரில் கண்ட கண்கள் அவ்வூரில் இன்னும் சில இருக்கக்கூடும். அவர்கள் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளலாம். சுந்தரர் குருபூசை ஆடிச் சுவாதியில் வருகிறது. அன்றைக்கு நம் மாதக் கூட்டத்தைக் கச்சிராயபாளையத்தில் நடத்தாமல் வீரசோழபுரத்துக் கோயில் வாசலில் நடத்த வேண்டும் என்று செயலாளரிடம் இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். வண்டிக்கு ஆகும் செலவில் ஒரு பங்கு என்னுடையது.